உட்கார்ந்தே நட்ட குறுவை

நடவு வயலில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான் என்று எங்கள் செட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சேற்றில் வழுக்கி விழுந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, அது கணக்கில் வராது. நான் உட்கார்ந்தது மெத்தை வைத்த சீட்டில், கையில் ஸ்டியரிங்கோடு.

செட் என்றால் எங்கள் தெருவிலிருந்து சேர்ந்து நடவுக்குப் போகும் பெண்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற பஸ்ஸில் வந்து, பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் ஊர் வரும். புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இதுதான் எங்கள் யூனிபாரம். குனிந்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுவோம். இடுப்பு வளைந்திருக்குமே தவிர வாய் வளையாது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதில் ஆரம்பித்து, யார் மருமகள் யாரை என்ன சொன்னாள் என்பது வரை ஒரு வயல் முடிவதற்குள் பேசி முடித்துவிடுவோம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூடப் பிரித்து வாசிக்கிற வியாதி எனக்கு உண்டு. ஆனாலும் நான் கேட்ட நல்ல பேச்செல்லாம் அந்தச் சேற்றில் கேட்டதுதான்.

அந்தப் பேச்சில் பாதி என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரரின் தங்கை, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. கூப்பிடுவது அண்ணி என்று, பேசுவது நீ, வா, போ. "மரியாத கூப்பிடுறதோட முடிஞ்சுச்சு அண்ணி, மிச்சத்த எதிர்பாக்காத" என்று கல்யாணத்தன்றே சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த வாரம், சார் எங்களைக் களத்துக்கு வரச் சொன்னார். எங்கள் ஊரிலேயே அதிக நிலம் அவர் குடும்பத்துக்குத்தான். அவர் அப்பாவை எங்கள் தெருவில் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். இவர் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், தஞ்சாவூரில் வீடு, ஸ்கூட்டரில் வந்து போவார். "ஐயான்னு கூப்பிடாதீங்கம்மா, அண்ணேன்னு கூப்பிடுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அண்ணே எங்கள் வாயில் வரவில்லை. நடுவில் ஒரு இடம் பார்த்து சாரில் நின்றுவிட்டோம்.

சார் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ஆளு வச்சு நட்டுக் கட்டுப்படி ஆகலம்மா. இந்தக் குறுவைக்கு மெஷின் வச்சு நட்டுடலாம்னு இருக்கேன். வெளியூர்லேருந்து மெஷினோட மூணு பசங்க வர்றாங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தோம். சாரின் நிலம் போனால் எங்களுக்கு நடவு என்று சொல்லிக்கொள்ள அந்தப் போகத்தில் ஒன்றும் இல்லை. செட்டு கலைந்துவிடும். பாதிப் பேர் தஞ்சாவூருக்குச் சித்தாள் வேலைக்குப் போவார்கள், பாதிப் பேர் திருப்பூர் பஸ் ஏறுவார்கள்.

என் நாத்தனார் தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "மெஷின் தானா ஓடுமா சார், ஆளு ஓட்டணுமா?"

"ஆளு ஓட்டணும்."

"அந்த ஆளு நாங்களா இருந்தா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்."

எங்களில் யாரும் அந்த மெஷினைக் கிட்டத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் அவள் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு நிமிஷம் தெரியும் போலத்தான் இருந்தது.

சார் யோசித்தார். "சரி. வாய்க்கா ஓரத்துல இருக்குற ஒரு மாவ நீங்க நட்டுக் காட்டுங்க. வரிசை நேரா வந்தா மிச்ச நெலம் பூரா ஒங்களுதுதான். வளஞ்சு கெடந்தா களை எடுக்குற கருவி உள்ள போவாது. அதான் என் கவல, வேற ஒண்ணுமில்ல."

ஒரு மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் குறுவை முழுக்க அந்தத் துண்டு வயலில் வந்து நின்றது.

வேளாண்மைத் துறையில் ஆபீசராக ஒரு பொண்ணு இருந்தது. சின்ன வயசு, எங்களை எல்லாம் அக்கா என்று கூப்பிடும். மெஷின் வாடகைக்கும் தருவோம், ஓட்டவும் கற்றுத் தருவோம் என்று சொல்லி அவர்களுடைய பண்ணைக்கு வரச் சொன்னது. பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சிரித்துக்கொண்டு போனோம். கண்டக்டர் "எந்தக் கோயிலுக்கும்மா?" என்றார்.

"மெஷின் ஓட்டப் போறோம்."

"என்ன மெஷினு?"

"அதப் பாத்துட்டு வந்து சொல்றோம்" என்றாள் என் நாத்தனார்.

பார்த்தோம். முன்னால் ரெண்டு பெரிய இரும்புச் சக்கரம், நடுவில் சீட்டு, பின்னால் சாய்வாக ஒரு தட்டு. அந்தத் தட்டில் நாற்றைப் பாய் பாயாக வைக்க வேண்டும். பாய் என்றால் நிஜமாகவே பாய்தான். நாற்றை அடர்த்தியாக விட்டு வேரோடு வேர் பின்னிப் பிணைந்ததை அப்படியே சுருட்டி எடுக்கலாம். கீழே இருக்கிற இரும்பு விரல்கள் அதைக் கிள்ளிக் கிள்ளி நட்டுக்கொண்டு போகும். "நம்ம கை மாதிரியேதான் இருக்கு. என்ன, இதுக்கு வெத்தல பாக்கு போட நேரம் வேண்டாம்" என்று ஒரு அக்கா சொன்னார்.

"யாரு ஓட்டப் போறீங்க?" என்று ஆபீசர் பொண்ணு கேட்டது. எல்லோரும் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒளிந்தோம்.

"எங்க அண்ணி ஓட்டும்" என்றாள் நாத்தனார். "மொபெட்ட ஓட்டுது, எங்க அண்ணனை ஓட்டுது, இத ஓட்டாதா?"

ஏறி உட்கார்ந்தேன். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. எல்லோரும் நிற்கும்போது நான் மட்டும் மாப்பிள்ளை மாதிரி மேலே. ஆனால் எஞ்சின் உறுமி, சக்கரம் சேற்றைக் கிழித்து, பின்னால் எட்டு வரிசை பச்சையாக எழுந்து வந்தபோது கூச்சம் போன இடம் தெரியவில்லை. வயல் என்றால் எனக்கு அதுவரை என் ரெண்டு காலுக்கு நடுவில் தெரிகிற சேறு. அன்றைக்குத்தான் எதிரே மரம், மரத்துக்கு மேல் வானம், வானத்தில் கொக்கு எல்லாம் வேலை நேரத்திலேயே தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓட்டினேன். வரிசை நேராகத்தான் வந்தது. ஆபீசர் பொண்ணு கைதட்டியது.

அப்போது வரப்புக்கு அந்தப் பக்கம் பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட பெரிய ஆபீசர் ஒருத்தர் இறங்கினார்.

நான் எழுந்து நின்றேன். தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். மெஷினுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாதே. அது தன்பாட்டுக்கு என்னையும் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் முன்னங்காலை வைத்து ஏற ஆரம்பித்தது. ஆபீசர் பொண்ணு சேற்றில் ஓடி வந்து, தாவி, ஏதோ ஒரு கம்பியை இழுத்து நிறுத்தியது.

"ஏம்மா, ஓடுற வண்டியில எதுக்கு எழுந்தீங்க?" என்று பெரிய ஆபீசர் கேட்டார்.

"வணக்கம் சொல்லத்தான் சார்."

அவர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் செட்டு வாய்க்காலில் விழாத குறையாகச் சிரித்தது. சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் என் நாத்தனாருக்குச் சிரிப்பு நின்றது.

"அண்ணி, இது வெளையாட்டு இல்ல. மொபெட்ல போறப்பவே சார் ஸ்கூட்டர் எதுக்க வந்தா நீ எறங்கித் தள்ளிக்கிட்டுல போவ?"

"நான் எங்க எறங்குறேன், காலு எறங்குது."

"நடவுக்கு சார் வருவாருல்ல, வரப்புல வந்து நிப்பாருல்ல. அப்பவும் ஒங் காலு எழுந்திரிச்சிடுச்சின்னா? வரிசை கோணிக்கிட்டுப் போவும், நாம திருப்பூர் போவோம்."

பஸ் முழுக்க என் காலையே பார்த்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருவில் ஒத்திகை. தெரு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஸ்டியரிங்குக்குப் பதிலாக என் கையில் ஒரு சோற்றுத் தட்டு. என் நாத்தனார் அவள் புருஷனின் வெள்ளை வேட்டியைப் புடவைக்கு மேலேயே கட்டி, குடையை மடக்கிக் கையில் பிடித்து, தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தாள். சார் மாதிரியே ரெண்டு தடவை இருமினாள்.

நான் எழுந்துவிட்டேன்.

"ஏ புள்ள, அது ஒங்க நாத்தனாருடி" என்று எல்லோரும் கத்தினார்கள். எனக்குத் தெரியாதா. வேட்டிக்குக் கீழே அவள் கொலுசு தெரிகிறது. ஆனாலும் இருமல் கேட்டதும் முழங்கால் நிமிர்கிறது. மறுபடி வந்தாள், மறுபடி எழுந்தேன். ஒரு அக்கா பின்னால் நின்று என் தோளை அழுத்திப் பிடித்தார். அவரையும் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மடியில் ஒரு பூசணிக்காயை வைத்தார்கள். பூசணிக்காயோடு எழுந்து நின்றேன்.

"சாருக்குப் பூசணிக்கா குடுக்குறியா?" என்றாள் நாத்தனார்.

கோபம் வந்து தட்டை நீட்டினேன். "எங்க, நீ உக்காரு பாப்போம்."

அவள் வேட்டியை இன்னொருத்திக்குக் கட்டிவிட்டு ரொம்ப மிதப்பாக உட்கார்ந்தாள். குடை வந்தது. இருமல் வந்தது. அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அதற்கப்புறம் தெருவில் ஒருத்தர் விடாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பிரசிடென்ட் முகத்துக்கு நேரே குடிதண்ணீர் கேட்கிற அக்கா ஒருத்தர் உண்டு. அவரும் எழுந்துவிட்டார். எழுந்துவிட்டு, "நாற்காலியில ஏதோ கடிச்சுச்சு" என்றார். யார் எழாமல் இருப்பது என்று அது ஒரு பந்தயமாகவே ஆகி, தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியோடு தெருவுக்குள் நுழைந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

ஆபீசர் பொண்ணுக்குப் போன் போட்டேன். ஒத்திகையைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு அது ஒரு விஷயம் சொன்னது. "அக்கா, எழுந்திரிக்கக் கூடாது, எழுந்திரிக்கக் கூடாதுன்னே நெனச்சீங்கன்னா எழுந்துருவீங்க. அவரு வந்ததும் உக்காந்தபடியே 'வாங்க சார்'ன்னு சொல்லுங்க. அது போதும். நீங்க வேலையில இருக்கீங்க."

நீங்க வேலையில இருக்கீங்க. அந்தச் சொல்லை நான் ராத்திரி சமைக்கும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு சின்ன விஷயம். வேலையில் இருக்கிறவள் எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

அடுத்த சாயங்காலம் காலில் இருந்த மரியாதையை வாய்க்கு மாற்றுகிற வேலை நடந்தது. நாத்தனார் இருமிக்கொண்டு வருவாள். நான் தட்டைத் திருப்பியபடி "வாங்க சார்" என்பேன். முதலில் குரல் எழுந்து நின்றது, கால் பாதி எழுந்தது. அப்புறம் கால் தரையில் தங்கியது. கடைசியில், இருட்டுவதற்குள், அவள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி இருமியும் நான் "வாங்க சார், வாங்க சார்" என்று அசையாமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

நடவு அன்றைக்கு வயலில் தண்ணீர் கணுக்காலுக்கும் கீழே, கண்ணாடி மாதிரி. நாற்றுப் பாய்களை வாய்க்கால் பக்கத்து வரப்பில் அடுக்கி வைத்திருந்தோம். நான் சீட்டில், நாத்தனார் எனக்குப் பின்னால் படியில் நின்று தட்டைக் கவனிக்க, மற்றவர்கள் வரப்பில் வரிசையாக நின்று பாய் எடுத்துத் தருவதாக ஏற்பாடு. ஆபீசர் பொண்ணு எதிர் மூலையில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டியது. கிளம்பினேன். போகும்போது எட்டு வரிசை, திரும்பும்போது எட்டு வரிசை. பின்னாலிருந்து "நேரா இருக்கு அண்ணி, போ. வகிடு எடுத்த மாதிரி இருக்கு, போ" என்று குரல் வந்துகொண்டே இருந்தது.

அந்தக் குரல் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வாய்க்கால் கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு சார் வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

கால் லேசாகத் தூக்கியது. பொய் சொல்ல மாட்டேன், சீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம் தெரிந்திருக்கும். கையில் ஸ்டியரிங் ஒரு ஆட்டம் ஆடியது. "வாங்க சார்" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, என் காலுக்குக் கேட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு வரப்பு ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது, நாற்றுத் தட்டு காலி என்று மெஷின் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பாய் வேண்டும். வரப்பைப் பார்த்தேன். ஆளே இல்லை. ரெண்டு நாள் எனக்குப் பாடம் நடத்திய அத்தனை பேரும், சார் நடந்து வர வழி விட்டு, தலைத் துண்டை எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் வாய்க்காலுக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் என் நாத்தனாரும் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்கிறாள். என்னைப் பழக்கினார்களே தவிர, தங்களைப் பழக்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

நாற்றுப் பாய் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றது சார் மட்டும்தான். ஒற்றை ஆள் நிற்கிற வரப்பு, அவரைத் தாண்டி யாரும் வர முடியாது. மெஷின் கத்திக்கொண்டே இருக்கிறது. சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். ஒத்திகையில் இதற்கு வசனம் இல்லை.

"சார்" என்றேன். "அந்தப் பாய ஒண்ணு எடுத்து இவ கையில குடுங்க."

வாய்க்காலுக்குள்ளிருந்து "ஐயோ" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. என் காதுமடல் சுட்டது. சீட்டை விட்டு மட்டும் நான் அசையவில்லை.

சார் குடையை வரப்பில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு நாற்றுப் பாயை ரெண்டு கையாலும் தூக்கப் பார்த்தார், அது நடுவில் தொங்கியது. "இத எப்படிம்மா புடிக்கிறது? பிஞ்சிடும் போல இருக்கே."

என் நாத்தனாருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "பாய் சுருட்டுற மாதிரி சுருட்டுங்க சார். அடியில கையக் குடுங்க. ஆங், அப்படித்தான். பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி."

சுருட்டினார். தூக்கினார். சட்டை முழுக்கச் சேற்றுத் தண்ணீர் வழிய அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, தட்டில் விரித்து, "இன்னொண்ணு" என்றாள். அவர் இன்னொன்று எடுத்தார். மூன்றாவது பாய்க்கு அவளுக்கு முன்னால் அவரே கையை நீட்டிக்கொண்டு நின்றார். தட்டு நிறைந்து, நான் வண்டியைத் திருப்பும்போது, சார் பின்னாலிருந்து கேட்டார். "அடுத்த சுத்து வர்றதுக்குள்ள எத்தன எடுத்து வைக்கணும்மா?"

"எட்டு சார்."

"எட்டா," என்று சொல்லிக்கொண்டே குனிந்தார்.

வாய்க்காலில் நின்றவர்கள் ஒவ்வொருத்தராகக் கரையேறினார்கள். கொஞ்ச நேரத்தில், சார் எடுத்துத் தர அவர்கள் வாங்கி அடுக்க, வரப்பில் ஒரே சத்தம். பிரசிடென்டைக் கேள்வி கேட்கிற அக்கா, "சார், சுருட்டும்போது வேரு உள்பக்கம் போவக் கூடாது, இத எத்தன தடவ சொல்றது" என்று அதட்டியது எனக்கு வண்டி மேல் கேட்டது. என் நாத்தனார் படியில் நின்று சிரித்த சிரிப்பில் தட்டே ஆடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வர, கொக்கு, மரம், வானம் எல்லாம் கலங்கலாகத் தெரிய, வகிடு எடுத்துக்கொண்டே போனேன். கடைசி வரிசை முடிந்து எஞ்சினை நிறுத்தியதும் எல்லோருமாகச் சேர்ந்து குலவை விட்டார்கள். ஆபீசர் பொண்ணுக்குக் குலவை வரவில்லை, அதுவும் வாயை வைத்து என்னவோ செய்தது.

பிறகு சார் வரப்பில் நின்று வயலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். எல்லோரும் அவர் பார்வையோடு கூடவே பார்த்தோம். வரிசைகள் நூல் பிடித்த மாதிரிதான் கிடந்தன, ஒரே ஒரு இடம் தவிர. வயலின் நடுவில் எட்டு வரிசையும் சேர்ந்து ஒரு நெளி நெளிந்து மறுபடி நேராகியிருந்தன.

சார் அந்த இடத்தைக் கையால் காட்டினார். "அங்க மட்டும் என்னம்மா வளஞ்சிருக்கு?"

நான்தான் சொல்ல வேண்டும், ஓட்டியது நான்தானே.

"அங்கதான் சார் நீங்க வந்தீங்க."

சாருக்கு முதலில் புரியவில்லை. என் நாத்தனார் புரியவைத்தாள். இருமல், குடை, பூசணிக்காய், என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சார் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் சிரிக்காமல் வாய்க்காலையே பார்த்தார். அப்புறம் சேற்றுக் கையோடு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வெளியூர்க்காரர்களைக் கூப்பிட்டு, எங்கள் எதிரிலேயே "வேண்டாம் தம்பி, இங்கயே ஆளு இருக்கு" என்று சொல்லி வைத்தார்.

"நாளைக்கு மேலக் கட்டளை வயல்ல ஆரம்பிச்சிடுங்க" என்றார். "நான் வரல. நான் வந்தாத்தான வளையுது."

"வராம எப்படி சார்?" என்றாள் என் நாத்தனார். "பாய் சுருட்ட ஆளு வேணும்ல."

சார் தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். முழங்கால் வரை கறுப்பாக இருந்தது.

"அப்ப லுங்கி கட்டிக்கிட்டு வர்றேன்" என்றார்.